ஒத்துக்காரரைக் கேளுங்கள்

மதுரையில் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆறு மாதமாகத்தான் ராக் கேட்கிறேன். எல்லாரும் சொல்கிற பெரிய பாட்டுகளைக் கேட்டு முடித்துவிட்டேன். உங்களுக்கு உயிரான பாட்டுகள் எவை? திறமை இருந்தும் பேர் கிடைக்காமல் போன கலைஞர்கள் யார்? ஒரு கிடாரும் வாங்கியிருக்கிறேன். யாரைக் கேட்டுப் பழகலாம்?"

தம்பி, இந்தப் பதிலை நான் திருப்பரங்குன்றத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 1984-ல் என் அக்கா கல்யாணம் அங்கேதான் ஒரு மண்டபத்தில் நடந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. பந்தி, சொந்தக்காரர்கள் எதிலும் மனம் போகாமல் மேளக்காரர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் போட ஒரு பையன். கடைசியில் சுவரோரமாக ஒரு பெரியவர் கையில் ஒத்து. பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை இருக்காது. ஒரே ஒரு சுரம்தான். மூக்கால் காற்றை இழுத்துக்கொண்டே கன்னத்தில் அடக்கி வைத்ததை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், இடையில் அறுபடக் கூடாது.

நடுவில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. மூன்று நான்கு நொடி இருக்கும், ஒத்து நின்றது. அவ்வளவு கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்த நாதஸ்வரம் திடீரென்று காலூன்ற இடமில்லாமல் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. மண்டபத்தில் யாரும் கவனிக்கவில்லை. வித்வான் மட்டும் வாசிப்பை நிறுத்தாமல் லேசாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சீவாளியை வாயில் வைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது.

கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வர வித்வான் பெயர் இருந்தது, தவில் வித்வான் பெயர் இருந்தது. ஒத்துக்காரர் பெயர் இல்லை. நம் ஊரில் "அவனுக்கு இவன் ஒத்து ஊதுறான்" என்றால் வசவு. எனக்கு அன்றிலிருந்து அந்தச் சொல் வசவாகக் கேட்பதில்லை. ராக் இசைக்குள் வந்த பிறகும் நான் தேடியது அந்தப் பெரியவரைத்தான். எனக்கு உயிரான பாட்டுகள் எல்லாமே, யாரோ ஒருவர் சுவரோரமாக உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருக்கிற பாட்டுகள்.

பிளஸ் டூ முடித்த கையோடு 1988-ல் டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆட்கள் வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். டிடிகே டி-60 கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், டி-90 என்றால் 45. வருகிற தாளில் முக்கால்வாசி இளையராஜா. ராக் கேசட் எங்களுக்கு வந்து சேர்ந்த வழி வேறு. அந்தத் தெருவிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இருந்த லாட்ஜுகளில் மீனாட்சியம்மன் கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் தங்குவார்கள். மதுரை வெயிலும் தூசியும் அவர்கள் வாக்மேனைச் சும்மா விடாது. டேப் சிக்கிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார்கள். பழுது பார்த்துத் தருகிற கூலிக்குப் பதிலாக ஒரு காப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பேன். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். என் ராக் சேமிப்பு முழுவதும் அப்படிச் சேர்ந்ததுதான்.

முதலில் வான் ஹேலன் என்கிற அமெரிக்கக் குழு. 1978-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தை எட்டி வான் ஹேலனின் கிடாருக்காகத்தான் உலகமே கேட்டது. என் இயர்போனில் இடது பக்கத்து வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. அந்த ஆல்பத்தில் கிடாரைப் பெரும்பாலும் இடது பக்கமாக வைத்து, அதன் எதிரொலியை வலது பக்கம் விட்டிருப்பார்கள். எனக்குக் கிடைத்தது எதிரொலி மட்டும், அடுத்த தெருவில் யாரோ வாசிக்கிற மாதிரி. அதனால் மற்றவர்கள் கேட்காதது எனக்குக் கேட்டது. முதல் பாட்டு 'ரன்னிங் வித் த டெவில்'. கார் ஹாரன்களின் சத்தம் அடங்கியதும், பாட்டுக்கு அடிச் சுரங்களைத் தருகிற பேஸ் கிடார் ஒரே ஒரு சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும். டம், டம், டம், டம். வேறு எதுவும் கிடையாது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திருப்பரங்குன்றத்துப் பெரியவர் கலிபோர்னியாவில் உட்கார்ந்திருக்கிறார்!

அந்த பேஸ் வாசித்தவர் மைக்கேல் ஆன்டனி. பாட்டுகளில் பின்னால் இருந்து மேல் ஸ்தாயியில் வருகிற அந்தக் கூர்மையான துணைக்குரலும் அவருடையதுதான். வான் ஹேலனின் பாட்டில் அந்தக் குரலை எடுத்துவிட்டால் அந்த வெயில் அடிக்கிற சந்தோஷம் போய்விடும். கிடார் பத்திரிகைகள் எட்டியின் விரலைப் பற்றி எழுதிய பக்கங்களில் நூறில் ஒரு பங்கு கூட இவருக்குக் கிடைக்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் ராக் கேட்காதீர்கள். பேஸ் கிடாரின் தடித்த கம்பியைத் திறந்த நிலையில் தட்டினால் வருவது நொடிக்கு 41 அதிர்வு. போனில் இருக்கிற பொட்டு ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. பாதிப் பாட்டுதான் உங்களுக்கு வந்து சேரும். சுமாரான இயர்போன் போதும், அல்லது வீட்டில் பழைய ஸ்பீக்கர் பெட்டி இருந்தால் அதை எடுத்துத் துடைத்து மாட்டுங்கள்.

இனி, என் மனதுக்கு மிக நெருக்கமானவர். நிக்கி ஹாப்கின்ஸ். பியானோ. நீங்கள் "பெரிய பாட்டுகளைக் கேட்டு முடித்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குள் இவரை உங்களுக்கே தெரியாமல் பத்துத் தடவையாவது கேட்டிருப்பீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் 'சிம்பதி ஃபார் த டெவில்' பாட்டில் பியானோ இவர். 'ஏஞ்சி'யில் இவர். பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' சிங்கிளில், அதாவது ஆல்பமாக இல்லாமல் தனிப் பாட்டாக வந்த ரெக்கார்டில், எலெக்ட்ரிக் பியானோ இவர். ஜான் லெனனின் 'ஜெலஸ் கை'யில் அந்த மென்மையான பியானோவும் இவர்தான். லண்டன்காரர், ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்தவர். சின்ன வயதிலேயே குரோன்ஸ் என்கிற குடல் நோய். பத்தொன்பது வயதில் பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். ஊர் ஊராகக் கச்சேரிக்குச் சுற்ற உடம்பு இடம் கொடுக்காததால் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள்ளேயே வாழ்க்கை போயிற்று. கூப்பிட்டார்கள், போனார், வாசித்தார், கூலி வாங்கிக்கொண்டு வந்தார். பாட்டு உலகம் முழுக்கப் போனது.

'ஷீஸ் எ ரெயின்போ' என்று 1967-ல் வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்று. சாவி கொடுத்தால் பாடுகிற பொம்மைப் பெட்டி மாதிரி ஒரு பியானோவில் தொடங்கும். பாட்டின் உயிர் அதுதான். மிக் ஜாகர் பாடுகிற வரிகளை நான் மறந்தாலும் மறப்பேன், அந்தப் பியானோவை மறக்க மாட்டேன். அதை வாசித்தவர் ஹாப்கின்ஸ். அதே பாட்டில் வயலின் கூட்டம் வருகிறதே, அதை எழுதியவர் ஜான் பால் ஜோன்ஸ். அவர் பின்னால் வாசித்த லெட் செப்பலின் என்ற குழுவே அப்போது பிறக்கவில்லை. அவரும் அன்று தினக்கூலிக்கு ஸ்டுடியோ வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரே பாட்டில் இரண்டு ஒத்துக்காரர்கள்.

ஹாப்கின்ஸ் 1994-ல் ஐம்பதே வயதில் இறந்துபோனார். ராக் கலைஞர்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது 2025-ல். முப்பத்தோரு வருஷம் கழித்து. அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி 'ஜெலஸ் கை'யை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜான் பால் ஜோன்ஸ் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். லெட் செப்பலினில் எனக்குப் பிடித்த பாட்டு எல்லாரும் சொல்கிற அந்த 'ஸ்டேர்வே டு ஹெவன்' கிடையாது. 1970-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ'. ஏழு நிமிடத்துக்கு மேல் மெதுவாக எரிகிற பாட்டு. ஜிம்மி பேஜின் கிடார் அழும், ராபர்ட் பிளான்ட் கதறுவார். கீழே ஜோன்ஸ் இரண்டு கையால் ஆர்கன் வாசித்துக்கொண்டே காலால் பெடலை மிதித்து பேஸையும் அவரே தருகிறார். இன்னொன்றும் உண்டு. ஜான் போனம் பெரிய டிரம்மைக் காலால் அடிக்கிற பெடலில் எண்ணெய் வற்றிய சத்தம், கீச், கீச் என்று பாட்டு முழுக்கக் கேட்கும். நல்ல இயர்போனில் கேளுங்கள், ராட்டினக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி வரும். பதிவு செய்தவர்கள் அதை அழிக்கவில்லை. இன்று கம்ப்யூட்டரில் எடிட் செய்பவர்கள் முதல் வேலையாக அதைத்தான் துடைத்து எறிவார்கள். எனக்கு அந்தக் கீச்சு வேண்டும். ஒரு மனிதன் அங்கே உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டிருந்தான் என்பதற்கு அதுதான் சாட்சி.

குரலுக்கு வருவோம். பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள், 1973. நாற்பத்து மூன்று நிமிடம், டி-90 கேசட்டின் ஒரு பக்கத்தில் அப்படியே அடங்கும். அதில் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. ஒரு பெண் குரல், ஒரு சொல் கூட இல்லை, ஆரம்பம் முதல் கடைசி வரை கதறலும் ஓலமும் அடங்கிப்போன விசும்பலும்தான். வீட்டு டெக்கில் முதல் முறை போட்டபோது அடுப்படியில் இருந்த அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"யாரு வீட்லடா இழவு?"

"இல்லம்மா, இது பாட்டு."

அம்மா நின்று முழுவதும் கேட்டார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், ஒப்பாரி கேட்டும் பாடியும் வளர்ந்தவர். முடிந்ததும், "வெளியூர்க்காரியா இருந்தாலும் மனசாரத்தான் அழுதிருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் பாட்டுக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

பாடியவர் கிளேர் டோரி. இருபத்தைந்து வயது, ஸ்டுடியோவில் கூப்பிட்டால் வந்து பாடுகிறவர். "சொல் எதுவும் வேண்டாம், உன்னையே ஒரு வாத்தியமாக நினைத்துப் பாடு" என்கிற மாதிரிதான் வழிகாட்டல். பாடி முடித்ததும் ரொம்பவும் மிகையாகிவிட்டதோ என்று கூச்சப்பட்டுக்கொண்டு போனாராம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டைச் சம்பளம், 30 பவுண்டு. பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயர் சேர்ந்தது 2005-ல், அதுவும் வழக்குப் போட்ட பிறகு சமரசமாகி. முப்பத்திரண்டு வருஷம்.

அந்தப் பாட்டின் அடியில் ஓடுகிற பியானோ ரிச்சர்ட் ரைட்டுடையது. பாட்டுக்கான இசையே அவருடையதுதான். பிங்க் ஃபிளாய்ட் என்றதும் ரோஜர் வாட்டர்ஸா, டேவிட் கில்மோரா என்று சண்டை போடுவார்கள். அந்தக் குழுவின் வானம் எங்கே இருந்து வந்தது என்று கேட்டால் நான் ரைட்டைத்தான் காட்டுவேன். 1971-ல் 'எக்கோஸ்' என்று இருபத்து மூன்று நிமிடப் பாட்டு. தொடக்கத்தில் ஒரே ஒரு பியானோ சுரம், சுழல்கிற ஸ்பீக்கர் பெட்டி வழியாக வரும். ஆழக் கிணற்றில் ஒரு சொட்டு விழுந்த மாதிரி. அந்த ஒரு சொட்டில் இருந்துதான் முழுப் பாட்டும் விரிகிறது. இவ்வளவு செய்தவரை 1979-ல் 'த வால்' ஆல்பம் வேலையின்போது குழுவை விட்டு விலக வைத்தார்கள். அதன் பிறகு நடந்த கச்சேரிகளில் தன் சொந்தக் குழுவிலேயே சம்பளத்துக்கு வாசித்தார். 2008-ல் இறந்தார். எனக்கு இது ஆறாத வருத்தம்.

பெண் குரல்களில் இன்னொருவர் மெரி கிளேட்டன். ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்', 1969. நடுராத்திரியில் போன் வந்ததும், கர்ப்பிணியாக இருந்தவர், தலையில் முடி சுருட்டுகிற கேர்லர் மாட்டியபடியே ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தார். உச்சத்தில் அவர் குரல் உடைகிற இடம் ஒன்று உண்டு. உடைந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆல்பத்தின் அட்டையில் அவர் பெயரை 'மேரி' என்று தப்பாக அச்சடித்தார்கள்.

இப்போது ஒரு தொழில் சமாச்சாரம். இதைச் சொல்லாமல் போனால் நான் பார்த்த வேலைக்கே மரியாதை இல்லை. குவீன் குழுவில் பேஸ் வாசித்த ஜான் டீக்கன். ஃபிரெடி மெர்க்குரி மேடையில் நின்றால் வேறு யாரையும் கண் பார்க்காது, அது நியாயம்தான். ஆனால் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' 1980-ல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனதே, அதை எழுதியவர் டீக்கன். அந்தப் பாட்டே பேஸ்தான், மற்றது எல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. படித்தது எலெக்ட்ரானிக்ஸ். 1972 வாக்கில் லண்டன் தெருவில் ஒரு குப்பைத் தொட்டியில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்து வந்து, சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, பேட்டரியில் ஓடுகிற ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்தார். வால்யூம் திருகக் கூட குமிழ் கிடையாது. தன் கிடார் பயிற்சிக்கு என்று செய்தது. பிரையன் மே அதில் தன் கிடாரைச் சொருகிப் பார்த்தார், விடவே இல்லை. 1975 ஆல்பத்தில் 'குட் கம்பெனி' என்று ஒரு பாட்டு. அதில் கிளாரினெட், டிராம்போன் எல்லாம் சேர்ந்த ஒரு பழைய ஜாஸ் பேண்டு வாசிக்கிற மாதிரி இருக்கும். ஒரு ஊதுகுழல் கூடக் கிடையாது, எல்லாம் பிரையன் மேயின் கிடார், அந்தக் குப்பைத் தொட்டி ஆம்ப் வழியாக.

எங்கள் கடைக்குப் பின்கட்டில் பழைய ரேடியோ போர்டுகள் சாக்கு நிறையக் கிடக்கும். டீக்கன் கதையைப் படித்த பிறகு அதில் ஒன்றை எடுத்து, ஒரு உடைந்த டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கரோடு சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒரு கிடாரைச் சொருகினேன். கரகரவென்று, தேனீக் கூட்டம் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். என் காதுக்கு அது தேவகானம். கையில் காசு இல்லாத பையன்கள் இதைச் செய்து பாருங்கள். விலை உயர்ந்த ஆம்ப் வந்துதான் கிடார் பழக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்று மட்டும், பேட்டரியில் ஓடுகிற போர்டாக எடுங்கள், கரன்டில் ஓடுவதில் கை வைக்காதீர்கள்.

கிடார் கேட்டுப் பழக யார் என்று கேட்டிருந்தீர்கள். ரோரி கேலஹர். அயர்லாந்துக்காரர், கார்க் நகரத்தில் வளர்ந்தவர். 1963-ல் பதினைந்து வயதில் நூறு பவுண்டுக்குக் கடனில் வாங்கிய பழைய ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் ஒன்றை வாழ்நாள் முழுக்க விடாமல் வாசித்தார். வியர்வை பட்டுப் பட்டு வர்ணம் எல்லாம் உரிந்து மரம் தெரிகிற கிடார். கட்டம் போட்ட சட்டை, ஜீன்ஸ், அவ்வளவுதான் மேடை அலங்காரம். சிங்கிள் போட்டால் காசு வரும் என்று கம்பெனிகள் கேட்டும் மறுத்தவர். வடக்கு அயர்லாந்தில் குண்டுவெடிப்புகள் நடந்துகொண்டிருந்த காலத்தில் வெளிக் குழுக்கள் பெல்ஃபாஸ்ட் பக்கம் வரவே தயங்கின, இவர் விடாமல் போய் வாசித்தார். 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று ஊர்களில் நடந்த கச்சேரிகளில் பதிவானதுதான் 'ஐரிஷ் டூர்' ஆல்பம்.

அந்த ஆல்பம் எனக்கு வந்த கதை. ஒரு நாள் சாயங்காலம் லாட்ஜில் தங்கியிருந்த தாடிக்காரர் ஒருவர் வந்தார். உள்ளங்கையில் கேசட், கேசட்டுக்கு வெளியே டேப் நூடுல்ஸ் மாதிரி தொங்குகிறது. முகத்தைப் பார்த்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி. ஐந்து குட்டி ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தேன். சிக்கலைப் பென்சிலால் எடுத்துப் பிரித்தேன். ஒரு இடத்தில் டேப் கசங்கி, மடிந்து, மேல்பூச்சே உதிர்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதைக் காப்பாற்ற முடியாது. பிளேடால் சாய்வாக வெட்டினேன். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டப்' என்று அடிக்கும், சாய்வாக வெட்டினால் தெரியாது. இரண்டு முனையையும் மில்லிமீட்டர் இடைவெளி இல்லாமல் சேர்த்துப் பின்பக்கம் ஒட்டினேன். கேசட் டேப் நொடிக்கு நாலே முக்கால் சென்டிமீட்டர் ஓடும். நான் வெட்டி எடுத்தது ஒரு சுண்டுவிரல் நீளம். ஒரு நொடிப் பாட்டு போயிற்று.

அவர் அங்கேயே போட்டுக் கேட்டார். 'எ மில்லியன் மைல்ஸ் அவே', ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிற பாட்டு. கடலோரத்துச் சத்திரத்தில் ஆட்கள் சூழ உட்கார்ந்திருந்தும் தனியாக இருக்கிற ஒருவனின் பாட்டு. ஒட்டுப் போட்ட இடம் வந்தது, சின்னதாக ஒரு தாவல், பாட்டு தொடர்ந்தது. தாடிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். காப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்றைக்கும் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்கும்போது அந்த இடத்தில் ஒரு நொடி கூடுதலாக இருக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றும்.

கேலஹரோடு இருபது வருஷம், 1971 முதல் 1991 வரை, பேஸ் வாசித்தவர் பெல்ஃபாஸ்ட்காரர் ஜெர்ரி மெக்கவாய். கேலஹர் அன்று எந்தப் பாட்டைப் பாடப் போகிறார், எங்கே திரும்புவார் என்று முன்கூட்டியே எழுதி வைத்தெல்லாம் நடக்காது. தோளைப் பார்த்தே போக வேண்டும். நம் தவில்காரர் நாதஸ்வரக்காரரின் கண்ணைப் பார்த்துப் போகிற மாதிரி. கேலஹர் 1995-ல் நாற்பத்தேழு வயதில் இறந்தார். அந்த உரிந்த கிடார் 2024-ல் ஏலத்துக்கு வந்து அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, யாரோ ஒரு பணக்காரர் வீட்டுச் சுவருக்குப் போகவில்லை.

இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு அம்மா இருக்கிறார். சிஸ்டர் ரோசெட்டா தார்ப், 1915-ல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பிறந்த கறுப்பினப் பெண். சர்ச்சில் பாடி வளர்ந்தவர். மதுரையிலும் கிடார் வாசிக்கிற பலர் சர்ச்சில்தானே கற்றுக்கொண்டார்கள், அவர்களுக்கு இவரை உடனே புரியும். எல்விஸ் பிரெஸ்லி என்ற பெயரை உலகம் கேள்விப்படுவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1944-ல், எலெக்ட்ரிக் கிடாரோடு 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' பதிவு செய்தார். 1964-ல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றின் பிளாட்ஃபாரத்தில் மழைக்கு நடுவே 'டிடன்ட் இட் ரெயின்' பாடுகிற வீடியோ கிடைக்கிறது. கோட்டு போட்டுக்கொண்டு, தோளில் கிடாரை மாட்டிக்கொண்டு, எதிர் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்து வாசிக்கிறார். முதலில் அதைப் பாருங்கள், பிறகு எல்விஸிடம் போங்கள். 1973-ல் இறந்தவருக்குப் பல வருஷம் கல்லறையில் பெயர்க்கல் கூட இல்லாமல் இருந்தது. ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்தது 2018-ல்.

தூரத்து ஆட்களாகவே சொல்கிறாரே என்று நினைக்காதீர்கள். பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டம். 1996 வரை அது மதுரை மாவட்டம்தான். அங்கிருந்து போன இளையராஜாவின் இசையில் ராக் எவ்வளவு கலந்திருக்கிறது என்று நீங்களே கேட்டிருப்பீர்கள். ஆனால் நாங்கள் ஆயிரக்கணக்கில் பதிந்து விற்ற அந்தக் கேசட்டுகளின் அட்டையில் வாசித்தவர்கள் பெயர் இருக்காது. டிரம்ஸ் புருஷோத்தமன், பேஸ் கிடார் சசிதரன், கிடார் சந்திரசேகர். 1982-ல் வந்த 'இளைய நிலா பொழிகிறதே' பாட்டின் கிடார் சந்திரசேகருடையது. தமிழ்நாட்டில் கிடார் கையில் எடுத்த ஒவ்வொருவரும் அதை வாசித்துப் பார்த்திருப்பார்கள், எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? சசிதரனின் பேஸைத் தனியாகப் பின்தொடர்ந்து கேளுங்கள். அடியில் ஒரு தனிப் பாட்டே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னும் பழசாகப் போனால், 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கன்னம் உப்ப வாசித்தாரே, அந்த நாதஸ்வரம் நம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ராக் ரசிகர்கள் அதை ஒரு முறை உட்கார்ந்து கேட்க வேண்டும். மைக் இல்லாமலே தெரு முழுக்க அதிர வைக்கிற வாத்தியம் அது. சத்தத்தின் பலத்தை வெள்ளைக்காரர்கள் ஆம்ப்ளிஃபையரில் கண்டுபிடிக்கும் முன்பே நம் ஆட்கள் நுரையீரலில் வைத்திருந்தார்கள்.

இந்திய ராக்கில் இரண்டு பேர் மட்டும் சொல்கிறேன். கொச்சி 'மதர்ஜேன்' குழுவில் இருந்த பைஜு தர்மஜன், எலெக்ட்ரிக் கிடாரில் கமகம் வருகிறது. 'மக்தூப்' ஆல்பம், 2008. டெல்லி 'இந்தியன் ஓஷன்' குழுவில் தபலா வாசித்துக்கொண்டே பாடிய அசீம் சக்ரவர்த்தி. 2000-ல் வந்த 'கண்டிசா' கேளுங்கள். 2009 கிறிஸ்துமஸ் அன்று இறந்துபோனார்.

நீங்கள் வாங்கிய கிடார் பற்றிக் கடைசியாக. நான் பார்த்த வரை நம் ஊரில் கிடார் வாங்குகிற பையன்கள் எல்லாருக்கும் லீட், அதாவது எல்லாரும் கவனிக்கிற முன்வரிசைக் கிடார், வாசிக்கத்தான் ஆசை. குழு சேர்க்கும்போது பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காமல் அலைவார்கள். முதல் ஒரு மாதம் வேகமாக விரல் ஓட்டுவதை விட்டுவிடுங்கள். மேலே சொன்னதில் ஏதாவது ஒரு பாட்டை எடுத்து, கிடாரின் தடித்த இரண்டு கம்பியில் மட்டும் அதன் பேஸைத் தேடிப் பிடியுங்கள். 'ரன்னிங் வித் த டெவில்' ஆரம்பம் ஒரே சுரம்தான், முதல் நாளே வந்துவிடும். ஆனால் அந்த ஒரே சுரத்தை ஒரு நிமிடம் வேகம் ஏறாமல் இறங்காமல், அழுத்தம் மாறாமல் அடித்துப் பாருங்கள். விரல் சொல்லும், ஒத்துக்காரர் வேலை என்னவென்று.

போன தை மாதம் அக்கா மகன் கல்யாணம், அதே திருப்பரங்குன்றத்தில். மேளம் நல்ல மேளம். ஒத்துக்காரர் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் சுருதிப் பெட்டி, அதிலிருந்து சுவருக்கு ஒரு வயர். இருமல் வராது, நிற்காது. நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே முகூர்த்தம் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.

கேட்டுவிட்டு எந்தப் பாட்டில் யாரைக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள், தம்பி. நான் விட்டுவிட்ட பெயர் இருந்தால் அதையும்.